ஏன் குடுத்தவன்

ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தேழு.
கஸ்தூரியார் வீதிக் கூல்பாரில
ரெண்டு மேசையை ஒட்டிப்போட்டு
அந்த ஒரு புள்ளியை நடுவில வைச்சு
ஒன்பது பேர் பங்கு பிரிக்கிறம்.

அருமைத்துரையண்ணை
லொறியைப் பாதி ரோட்டில விட்டிட்டு வந்தவர்.
"பிறீ த்ரோ ஆறு விட்டிருக்கிறாங்கள், ஆறு!"
விரலை விரிச்சுக் காட்டினார்.
ஐஞ்சுதான் இருந்தது,
மற்றக் கையில றோல்ஸ்.

"அதில நாலு றெஜினோல்ட் விட்டது."
"அவனுக்குக் கணுக்கால் சுளுக்கு."
"சுளுக்கு காலில. எறியிறது கையாலயெல்லோ?"

வினோதா சிரிக்கேல்லை.
வங்கியில காசு எண்ணுறவள்.
மூண்டாம் குவாட்டரில நாங்கள் பறிகுடுத்த பந்துகளை
ரசீதின்ர பின்பக்கத்தில
கோடு கோடாய்க் கீறி வைச்சிருந்தாள்.
பதினொண்டு.
மேசையில வைச்சவுடன
சர்பத் கிளாசின்ர ஈரம் ஏழு கோட்டைக் கரைச்சுப்போட்டுது.
"இப்ப நாலுதான்," எண்டான் பிறேம்நாத்,
"நாங்கள் வெண்டிட்டம்."

சோளகம் எண்டும் ஒரு கதை வந்தது.
பண்ணைப் பக்கத்து வளையத்துக்கு எறிஞ்சால்
காத்து பந்தை ஒரு சாண் தள்ளுமாம்.
"மட்டக்களப்பாருக்கும் அதே காத்துத்தானே?
அரைநேரத்தோட பக்கம் மாறினதுதானே?"
"அவங்கள் வாவிக்காத்தில வளந்த பெடியள்."
இதுக்கு ஒருத்தரிட்டையும் மறுமொழி இல்லை.
கொஞ்சநேரம் மின்விசிறியைப் பாத்துக்கொண்டிருந்தம்.

பேந்து எல்லாரும் வந்து சேர்ந்தது
கடைசி நாலு செக்கனுக்கு.

துவாரகன்ர கையில பந்து.
முன்னால ஒருத்தன்தான், அவனும் சறுக்கிப்போட்டான்.
எறிஞ்சிருக்கலாம்.
ஒருக்கால் தலையைத் திருப்பினான்,
மூலையில நிண்ட கபிலாசுக்குக் குடுத்தான்.
கபிலாசுக்குப் பதினேழு வயசு.
பந்து தன்ர கைக்கு வந்ததே
ஆரோ செய்த பிழை மாதிரி
அப்பிடியே நிண்டான்.
விசில்.

"ஏன் குடுத்தவன்?"
"பயந்திட்டான்."
"பயமோ? உவனுக்கோ? தலைக்கனம்."
"பத்தொன்பது புள்ளி எடுத்தவன்ரா,
உவன் இல்லாட்டி இருபதால தோத்திருப்பம்."
"இருபதால தோத்திருந்தால்
இந்நேரம் வீட்டில படுத்திருப்பனே,"
எண்டார் அருமைத்துரையண்ணை.
அழுவார் போல கிடந்தது.

மூலைப் பக்க மதிலில ஏறி நிண்டது நான்.
"கபிலாசுக்குக் குடடா!" எண்டு
தொண்டை கிழியக் கத்தினது நான்.
துவாரகன் திரும்பினது கபிலாசைப் பாத்தில்லை,
சத்தம் வந்த பக்கம்.
அந்த முகத்தை நான் கண்டனான்.

முந்நூறு பேர் கத்தேக்க
ஒரு குரல் தனியக் கேக்குமோ?
கேக்காது எண்டு சொல்லிச் சொல்லித்தான்
சயிக்கிளை மிதிச்சு இங்க வந்தனான்.
ஆனா இது
பதினெட்டு வருசம் மருந்துக்கடையில நிண்டு
ரோட்டுக்கு அங்கால நிக்கிற ஆக்களையும்
பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகின தொண்டை.

"நீர் என்ன பறையாமல் இருக்கிறீர்?"
வினோதாதான் கேட்டது.
எட்டு முகமும் திரும்பிச்சுது.
கிளாசின்ர அடியில ஒட்டின கசகசாவைக்
கரண்டியால சுரண்டிக்கொண்டு
"ஏன் குடுத்தவன் எண்டுதான்
எனக்கும் விளங்கேல்லை," எண்டன்.
எல்லாரையும் விடச் சத்தமாய்.

கடைக்காரர் லைற்றை ஒவ்வொண்டாய் நூத்தார்.
காசு சேர்த்தம், முப்பது ரூபா குறைஞ்சது,
அதுக்கும் ஒரு வாக்குவாதம்.

வாற ஞாயிறு பருத்தித்துறையில மச்.
இடம் பிடிச்சு வைக்கவோ எண்டு
வாசலில வைச்சுப் பிறேம்நாத் கேட்டான்.
"தூர," எண்டன்.
சயிக்கிள் பூட்டைத் திறந்தாப்போல
"இல்லையடா,
கொஞ்சம் கிட்ட."